ஆறு மணிக்கு யாரும் நெற் பாவிக்கக் கூடாது

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் இருந்த சண்முகலிங்கத்தின் வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை அங்கே யாரும் இன்ரநெற் பாவிக்கக் கூடாது. போனைத் தொடக் கூடாது, ரீவியில் நாடகம் பார்க்கக் கூடாது. வீட்டில் இருந்ததோ அவரும் மனைவி பாலேஸ்வரியும் மட்டும்தான். ஆகவே சட்டம் பாலேஸ்வரிக்காகப் போடப்பட்டது என்று நேராகவே சொல்லிவிடலாம்.

அந்த ஒரு மணித்தியாலம் அவர் பாட்டுக் கேட்கும் நேரம். பழைய கசெற்றுகள், சீடிகள் எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, இப்போது இணையத்திலிருந்து நேராக ஓடும் சங்கீதம்தான். அதற்கென்று தனியாக ஒரு பெட்டி, ஒரு அம்ப்ளிபயர், இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். எதிரே ஒரு கதிரை. கதிரையின் நான்கு கால்களுக்கும் நிலத்தில் கறுப்பு ரேப் ஒட்டி இடம் குறித்திருந்தார். அதில் தலையை அசைக்காமல் இருந்தால் வீணைக்காரர் சரியாக நடுவில் இருந்து வாசிப்பாராம். அரை அங்குலம் திரும்பினால் எழும்பிப் போய் சன்னலோடு ஒட்டிக்கொள்வாராம். அதனால் அந்த மனிதர் ஒரு மணித்தியாலம் சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிலையாக இருப்பார்.

அந்த நேரத்தில் வேறு யாராவது அதே வைஃபையைப் பாவித்தால் பாட்டின் தரம் கெட்டுவிடும் என்பது அவருடைய முடிவான முடிவு. "ஒரே குழாயில குடிக்கிற தண்ணியும் கழுவிற தண்ணியும் வந்தா, தண்ணிக்கு என்ன ருசி இருக்கும்?" என்று கேட்பார். வீணையின் மீட்டு மழுங்கிப் போகிறதாம், தம்புரா தூரப் போகிறதாம். கடலோரத் தண்டவாளத்தில் மாத்தறை ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரியில் உள்ள கோப்பைகள் எல்லாம் கடகடவென்று ஆடும். அது பரவாயில்லையாம். பாலேஸ்வரி குசினிக்குள் இருந்து போனில் நாடகம் பார்த்தால்தான் கல்யாணி ராகம் செத்துப்போகுமாம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆளோடு யார்தான் வாதாடுவது?

முப்பத்திநாலு வருஷம் அரசாங்கத்தில் கடைத் தராசுகளைப் பரிசோதிக்கும் உத்தியோகம் பார்த்தவர் அவர். புறக்கோட்டையில் அவர் தலைக்கறுப்பைக் கண்டால் வெங்காயக் கடைக்காரர்கள் படிக்கல்லைத் துடைத்து வைப்பார்கள். கையும் கண்ணும் காதும் பொய் சொல்லாது என்று நம்பி வாழ்ந்தவர். அந்த நம்பிக்கையில்தான் பாட்டுக்கும் சட்டம் போட்டார். பெற்ற மகளுக்கும் ஒரு சட்டம் போட்டார்.

மகள் ரூபிகா, ஒரே பிள்ளை. ஐந்து வருஷத்துக்கு முன் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஜொனாதனைக் கலியாணம் முடிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். பெடியன் வேதக்காரன், கிறிஸ்தவப் பிள்ளை. தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர், அவன் ஒரு கப்பல் கொம்பனியில் கிளார்க். "போனா இந்தப் படி ஏறக்கூடாது" என்றார் சண்முகலிங்கம். அவள் போனாள். அன்றிலிருந்து அவள் பெயர் அந்த வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாசலில் வந்து நின்றவளை, உள்ளே விட வேண்டாம் என்று தாதியிடம் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்று யாரோ சொந்தக்காரர் சொல்ல வந்தபோது போனை வைத்துவிட்டார். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை, ஒரு பஸ் மாறினால் ஒரு மணித்தியாலம். பிடிவாதம் இருந்தால் அதுவும் கனடாதான்.

இப்படி இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர் தனஞ்சயன் தேத்தண்ணி குடிக்க வந்தார். வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கதை பாட்டில் தொடங்கி நெற்றில் வந்து முட்டியது.

"ஐசே, உமக்கு விசரோ?" என்றார் தனஞ்சயன். "வாறது வெறும் எண்கள். எண்ணுக்கு ஊத்தை பிடிக்குமோ?"

"என்ர காதுக்குத் தெரியுது."

"காது ஆயிரம் சொல்லும். தராசில வைச்சுப் பாத்தனீரோ?"

தராசுக்காரனைப் பார்த்துத் தராசில் வைத்தாயா என்று கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அந்தக் கிழமையே ஜவாத்தைக் கூப்பிட்டார். ஜவாத் மாளிகாவத்தைக்காரர், கந்தோர்களுக்கு நெற்வேர்க் போட்டுக்கொடுப்பவர். நாற்பத்தைந்து வயது, நிதானமான ஆள். அந்த மாடிக் கட்டடத்துக்கு வயர் இழுத்ததும் அவர்தான். அவர் வந்து ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டிவிட்டு, பத்து நாள் கழித்து வருகிறேன், எந்த நேரம் எவ்வளவு நெற் ஓடியது என்று கோடு கோடாகக் காட்டுகிறேன் என்று சொல்லிப் போனார். அந்தப் பத்து நாளும் சண்முகலிங்கம் ஒவ்வொரு மாலையும் பாட்டின் தரத்துக்குப் பத்துக்கு இவ்வளவு என்று கொப்பியில் புள்ளி போட்டார். ஆறு மணிக்கு நெற் சும்மா கிடக்கும், பாட்டு ஒன்பது புள்ளி எடுக்கும், இரண்டையும் தனஞ்சயனின் மூஞ்சிக்கு முன் நீட்டலாம். திட்டம் அதுதான்.

"லைன் ஸ்பீட் பாக்கிறதுக்கு" என்று மனைவியிடம் சொல்லி வைத்தார். பாலேஸ்வரி அந்தப் பெட்டியைத் துடைத்து, தூசி படாமல் மேலே ஒரு பின்னல் துணியும் போட்டு வைத்தார். பாவம், அது தன்னைத்தான் எண்ணிக்கொண்டு இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை காலை ஜவாத் லப்டொப்போடு வந்தார். பாலேஸ்வரி மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார்.

"சேர், இந்த வீட்டில நெற் கூடுதலா ஓடுற நேரம் எது தெரியுமா?" என்று கேட்டார் ஜவாத்.

"காலமையாக்கும்."

"இல்ல சேர். ஆறுல இருந்து ஏழு."

சண்முகலிங்கம் சிரித்தார். "அது என்ர பாட்டு."

"பாட்டு இந்தா, இந்த நீலக் கோடு. உள்ளுக்கு வாறது. அது கொஞ்சம்தான். நான் செல்றது இந்தச் செவப்புக் கோட்ட. இது வீட்டுக்குள்ள ஈந்து வெளிய போறது. அளவப் பாத்தா வீடியோ போல ஈக்குது."

வீடியோ. தன் வீட்டிலிருந்து. தான் உட்கார்ந்திருக்கும் நேரத்தில். யாரோ களவாகக் கமரா வைத்துவிட்டார்களோ என்று சண்முகலிங்கம் கூரையின் நான்கு மூலையையும் பார்த்தார். பிறகு கொப்பியை எடுத்து நீட்டினார்.

ஜவாத் ஒவ்வொரு நாளாக ஒத்துப் பார்த்தார். "ஒம்பது, ஒம்பது, எட்டர, ஒம்பது… இந்த நாளெல்லாம் செவப்புக் கோடு ஒசரத்துல நிக்கிது சேர். போன வியாழக்கெழம மட்டும் அஞ்சு போட்டிருக்கிறீங்க."

"ஓம், அண்டைக்கு ஒலி தட்டையாக் கிடந்தது. யாரோ நெற் பாவிச்சிருக்கினம். எனக்கு உடனேயே விளங்கினது."

ஜவாத் தலையைச் சொறிந்தார். "அண்டைக்கு ஒருத்தரும் பாவிக்கல்ல சேர். இந்தப் பத்து நாளைக்குள்ள செவப்புக் கோடே இல்லாத நாள் அது ஒண்டுதான்."

வியாழக்கிழமை பாலேஸ்வரி தெகிவளையில் ஒரு செத்தவீட்டுக்குப் போய் இருட்டித்தான் வந்தார். வீட்டில் சண்முகலிங்கம் தனியே இருந்தார். அது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப… நெற் ஓடினாத்தான் பாட்டு நல்லாக் கேக்குமோ?" என்று தடுமாறிக் கேட்டார்.

"ஐயோ, அப்பிடியும் இல்ல சேர். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. கோல் ரோட்டுல ட்ரபிக் எண்டா தம்பிலி லொறி பிந்தி வரும். அதுக்காக அந்த எளநித் தண்ணி உப்புக் கரிக்குமா? உங்கட பெட்டி பாட்டக் கொஞ்சம் முன்னுக்கே வாங்கி வெச்சிட்டுத்தான் பாடுது. வந்தா முழுசா வரும், வராட்டி நிண்டுரும். நடுவுல கெட்டுப் போக ஒண்டும் இல்ல. புள்ளி போட்டது நெற்றுக்கில்ல சேர், உங்கட மனசுக்கு."

வேறு நாளாக இருந்தால் சண்முகலிங்கம் ஜவாத்தோடு மத்தியானம் வரை சண்டை பிடித்திருப்பார். எட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த விஷயம் அல்லவா? அன்று அது அவர் காதில் ஏறவே இல்லை.

"எந்த போன்ல இருந்து போகுது?"

ஜவாத் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பார்த்துவிட்டு லப்டொப்பைப் பாதி மூடினார். "சேர், விடுங்களன். பெரிய விஷயமில்ல."

"நான் வேலை தந்தனான். சொல்லும்."

"மேடம்ட போன்."

சண்முகலிங்கம் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜவாத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல், செருப்பைச் சரியாகப் போடாமல், படியிறங்கிப் போனார்.

முப்பத்தெட்டு வருஷக் கலியாணம். அறுபத்திநாலு வயதுப் பெண். கணவன் முதுகைத் திருப்பிக்கொண்டு பாட்டுக் கேட்கிற நேரம் பார்த்து, தினம் தினம் ஒரு மணித்தியாலம், யாருக்கு வீடியோ அனுப்புகிறாள்? ஒரு சத்தமும் இல்லாமல்? அவருக்கு நெஞ்சு அடித்த அடியில் மாத்திரை ஒன்றை எடுத்து நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு ஓய்வுபெற்ற ரீச்சரை, வெளிநாட்டு டொக்ரர் என்று சொல்லி எவனோ போனில் மயக்கி, நகையெல்லாம் கழற்றி வாங்கியது நினைவுக்கு வந்தது. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். தாலிக்கொடியும் காப்புகளும் துணியில் சுற்றினபடி இருந்தன. இருந்தும் மனம் ஆறவில்லை. பொருள் போகவில்லை என்றால் போனது வேறு என்ன?

மத்தியானம் பாலேஸ்வரி விளைமீன் குழம்பும் வல்லாரைச் சம்பலும் வைத்தார். அவர் இரண்டு வாயோடு சோற்றைத் தள்ளி வைத்தார்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?" என்று பாலேஸ்வரி நெற்றியில் கைவைக்க வந்தார். அவர் தலையை இழுத்துக்கொண்டார். பாலேஸ்வரி அவரை ஒரு விதமாகப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தார். கள்ளப் பார்வை என்றே சண்முகலிங்கம் முடிவு கட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு எப்படிக் கண்ணைப் பார்க்க மனம் வரும் என்று மனதுக்குள் குமுறினார்.

ஆறு மணிக்குச் சாமி விளக்கு ஏற்றியானதும் அவர் வழமை போலப் பெட்டியைப் போட்டார். ஸ்பீக்கரில் வீணை தொடங்கியது. கதிரையில் அமர்ந்தார். பின்னால் சமையலறைத் திரைச்சீலை வளையம் ஒன்று மெல்லக் கிணுங்கியது. எத்தனை வருஷமாகக் கிணுங்கியிருக்கும்? கேட்டதே இல்லையே! கற்றை கற்றையாகச் சங்கீதம் கேட்ட காது, பத்தடிக்குப் பின்னால் நடந்ததைக் கேட்கவில்லை. வெட்கமும் கோபமும் ஒன்றாக ஏறின. என்ன வாசிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்று, இரண்டு என்று முந்நூறு வரை எண்ணினார்.

பிறகு எழும்பித் திரும்பினார்.

திரைச்சீலை ஒரு சாண் அளவு விலகியிருந்தது. அந்த இடைவெளியில் மா போட்டு வைக்கிற தகரப் பேணி. பேணியில் சாய்த்தபடி போன், திரை அவருடைய கதிரையைப் பார்த்தபடி. பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டூலில் பாலேஸ்வரி, மடியில் சுளகோடு, கடுகில் கல் பொறுக்கிக்கொண்டு இருந்தார். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சண்முகலிங்கம் மூன்று எட்டில் வந்து போனைப் பிடுங்கிவிட்டார்.

"ஆருக்கடி காட்டுறாய்?" முப்பத்தெட்டு வருஷத்தில் மனைவியை 'நீர்' என்பதை விட்டு இறங்கி அவர் பேசியதில்லை.

கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்.

யாரோ ஒருவருடைய சின்னச் சமையலறை. சுவரில் மாதா படம். மேசையில் ஒரு பெண்பிள்ளை, மூன்று மூன்றரை வயதிருக்கும், கன்னத்தில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பெண் குனிந்து தேங்காய் துருவினாள். நெற்றியில் விழுந்த மயிரை முழங்கையால் ஒதுக்கினாள். அந்த ஒதுக்கலை அவர் இருபத்தேழு வருஷம் இந்த வீட்டில் பார்த்திருக்கிறார்.

பிள்ளையின் கண் விரிந்தது. வாய் அகலத் திறந்து என்னவோ கத்தியது. ஒரு சத்தமும் வரவில்லை. ரூபிகா திரும்பினாள். திரையில் தகப்பனைக் கண்டதும் கையில் இருந்த தேங்காய்ப் பாதி கீழே விழுந்தது. அதற்கும் சத்தம் வரவில்லை. அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

கள்ளனைப் பிடிக்க வந்த மனிதர் தானே பிடிபட்டதுபோல் நின்றார்.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டார். குரல் அவருடையது போலவே இல்லை.

பாலேஸ்வரி சுளகைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். பயந்து அழுவார் என்று அவர் எதிர்பார்த்தார். பாலேஸ்வரி அழவில்லை.

"ரெண்டு வருஷம். நீங்கள் ஆசுப்பத்திரியால வந்த அண்டையில இருந்து" என்றார். "ஓம், நான்தான் காட்டினனான். சட்டத்தை மீறித்தான் காட்டினனான். என்ன செய்யப் போறியள்?"

"என்ர… என்ர பாட்டைக் கேக்கவோ?"

"பாட்டோ!" பாலேஸ்வரிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "உங்கட பாட்டை ஆர் கேட்டது? சத்தத்தை ரெண்டு பக்கமும் அமத்தித்தான் வைச்சிருக்கிறம். உங்களை ஆசுப்பத்திரியில பாக்க வந்தவளை வெளிய விட்டனீங்கள். நாலு நாள் அந்தப் படிக்கட்டில இருந்தவள். பிறகு என்னட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டவள். 'அப்பா மூச்சு விடுறதை ஒருக்காக் காட்டுங்கோ அம்மா' எண்டு. நீங்கள் ஓரிடத்தில அசையாமல் இருக்கிறது இந்த ஒரு மணித்தியாலம்தானே. உங்கட தோள் ஏறி இறங்குதோ எண்டு பாத்துப் பாத்துத்தான் அவள் சமைக்கிறவள்."

பின்னால் வீணை தன்பாட்டில் வாசித்துக்கொண்டு இருந்தது. இரண்டு வருஷம். ஒவ்வொரு மாலையும். சுத்தமான ஒலி என்று ஒன்பது புள்ளி போட்ட ஒவ்வொரு மாலையும், அவருடைய முதுகு கொட்டாஞ்சேனைக்குப் போய்க்கொண்டு இருந்திருக்கிறது. அதே வயரில், அதே பாட்டுக்குப் பக்கத்தால். ஒரு சொட்டு இசையும் கெடவில்லை. கெட்டது எது, கெடுத்தது யார் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. நெஞ்சில் ஒரு பாரம் ஏறி உட்கார்ந்தது. அது மாரடைப்பு இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

திரையில் பிள்ளை மேசைமேல் ஏறி நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டே இருந்தது. ரூபிகா அசையவில்லை. தகப்பன் போனை எறியப் போகிறார் என்றே நினைத்திருப்பாள். அவளுக்குத் தெரிந்த தகப்பன் அப்படித்தான்.

"இது… பேர் என்ன?" என்று கேட்டார்.

"நிருஷா. மூண்டரை வயசு."

சண்முகலிங்கம் போனைப் புரட்டிப் பார்த்தார். எங்கே அமத்துவது, எங்கே கூட்டுவது என்று ஒன்றும் பிடிபடவில்லை. அம்ப்ளிபயரையே ஆட்டி வைக்கிற விரல் கண்ட இடமெல்லாம் தடவியது.

"இஞ்சேரும்" என்றார் மனைவியிடம். "சத்தத்தைக் கூட்டும்."

பாலேஸ்வரி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு இரண்டு இடத்தில் தட்டினார். அந்தப் பக்கத்திலும் கூட்டும்படி ரூபிகாவுக்குக் கையால் காட்டினார். ரூபிகா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, ஈரக் கையால் எதையோ அழுத்தினாள்.

கரகரவென்ற, தகரத்தில் அடித்தாற்போன்ற, ஒரு புள்ளிக்கும் பெறாத குரல் ஒன்று அந்தச் சமையலறையை நிரப்பியது.

"அம்மா! அம்மா! அம்மப்பாக்கு முகம் இருக்குது! கண்ணாடியும் போட்டிருக்கிறார்!"

சண்முகலிங்கம் கையை முகத்துக்குக் கொண்டுபோனார், அது இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

ரூபிகா பதறி ஓடி வந்து மகளின் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாதை, சத்தம் போடாதை, அம்மப்பா பாட்டுக் கேக்கிறார்" என்று கெஞ்சினாள். பிள்ளை திமிறியது.

"விடு பிள்ளை" என்றார் சண்முகலிங்கம். "அவள் கதைக்கட்டும்."

ஐந்து வருஷத்தில் மகளோடு அவர் பேசிய முதல் வார்த்தை அது.